ஒரு மணி நேர உரிமம்

மனித குலம் மறதிக்கு எதிராக நடத்திவரும் நெடும்போரின் அடுத்த அத்தியாயம் பொருநைக் கரையில் எழுதப்படவிருந்தது. முன்னோர் கல்லில் வெட்டினார்கள், ஓலையில் கீறினார்கள், தாழியில் இட்டு மூடினார்கள். இன்றோ அந்த மண்ணின் மைந்தர்கள் மின்னணுச் சேமிப்பகத்தின் தலைவாசலையே தம் சொந்த அறிவால் வடிவமைத்து உலகுக்கு உரிமம் வழங்க எழுந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி, சிற்றுண்டி உண்டு என்றும் அழைப்பிதழ் சொன்னது.

பொருநை சிலிக்கான் என்ற அந்த நிறுவனம் பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது. பொருநை என்ற தாமிரபரணி அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் குழாய் வழியாக வரும். நிறுவனத்தில் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். ஆறாவது ஆள் நிறுவனர் காந்திமதிநாதன்.

அவர் பெங்களூரில் பெரிய சிப் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் இருந்தவர். என்ன வேலை என்று ஊரில் கேட்டால் 'சிப் டிசைன்' என்பார். டிசைன் செய்கிறவர்கள் எப்போது கூடிப் பேசவேண்டும் என்று தேதி குறித்துக் கொடுப்பது அவருடைய வேலை. பிறந்த மண் அழைக்கிறது என்று அங்கிருந்து விலகினார். விடைபெறும்போது நாற்பது நிமிடம் பேசினார். அடிமைத்தனம், கனவு, தாமிரபரணித் தண்ணீர் எல்லாம் அதில் வந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் அதே கம்பெனியில்தான் இருந்தார்கள். மார்ச் மாதத்துக்குள் ஒரு உரிமமாவது விற்காவிட்டால் கடையை மூடிவிட்டு அவர்களிடமே போய் வேலை கேட்கவேண்டும். மூன்று வருடத்தில் ஒன்றும் விற்கவில்லை. இது ஜனவரி.

விற்கும் பொருள் என்ன என்பதை அவருடைய மாமனாருக்குக் கடைசிவரை விளங்கவைக்க முடியவில்லை. ஒரு சிப் செய்கிறவர்கள் அதன் எல்லாப் பகுதியையும் தாங்களே வரைவதில்லை. திரையோடு பேசும் பகுதி, நினைவகத்தோடு பேசும் பகுதி என்று தனித்தனியாக வரைந்து வைத்திருப்பவர்களிடம் உரிமம் பெற்றுத் தங்கள் சிப்பில் பொருத்திக்கொள்வார்கள். அந்தப் பகுதிக்கு பிளாக் என்று பெயர். தொட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு கோப்பும் ஓர் ஒப்பந்தமும் கைமாறும். பொருநை சிலிக்கான் வரைந்தது, செல்போனுக்குள் ஒட்டியிருக்கும் நினைவகத்தில் எழுதவும் வாசிக்கவும் உதவும் பிளாக்.

வரைந்தவள் ஃபெபி. முருகன்குறிச்சிக்காரி, இருபத்தெட்டு வயது. இரண்டரை வருடம் உட்கார்ந்து தனியாக வரைந்தாள். பிளாக் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் நொடிக்கு இருநூறு எம்பிக்கு மேல் போக மறுத்தது. நிறுவனத்தின் கையேட்டில் நானூறு என்று அச்சாகியிருந்தது. கையேடு அச்சானபோது பிளாக்கில் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை.

ஓசூரிலிருந்து சிவசங்கரன் என்பவர் உரிமம் பற்றி எழுதிக் கேட்டு, நேரில் பார்க்க வருகிறேன் என்றபோது காந்திமதிநாதன் செய்த முதல் காரியம் அழைப்பிதழ் அடித்தது. இரண்டாவது காரியத்தை வியாழக்கிழமை மத்தியானம் ஃபெபியிடம் சொன்னார்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இதே வகைப் பிளாக்கை விற்கிறது. வாங்குமுன் சோதித்துப் பார்க்க ஒரு மாதிரியை இலவசமாகத் தரும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாதபடி பூட்டியிருக்கும். நானூறு வேகம். ஃபெபி தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதை எப்போதோ இறக்கி வைத்திருந்தாள்.

"நாளைக்கு அதைப் போட்டுக் காட்டிருவோம்" என்றார் காந்திமதிநாதன்.

"அது ஒரு மணி நேரம்தான் சார் ஓடும். பொறவு தானா நின்னுரும். திரும்ப முதல்ல இருந்து சோதனை போர்டுல லோட் பண்ணணும்."

"ஒரு மணி நேரம் தாராளம்."

"நம்மோடதையே காட்டலாம்லா சார். பாதி வேகம்னாலும் நிக்காது."

"பாதி வேகத்தைப் பாக்க எவனாவது ஓசூர்ல இருந்து பஸ் ஏறி வருவானாம்மா?"

"அவங்க நம்மளே செஞ்சதுன்னுல்லா நெனப்பாங்க."

"நெனைக்கது அவங்க பாடு. நாம எங்கயும் அப்படிச் சொல்லலியே."

அழைப்பிதழில் மூன்று இடத்தில் சொல்லியிருந்தது.

"கையெழுத்து ஆகட்டும். நம்ம சரக்கை வேகப்படுத்தி அனுப்பிருவோம். நீ பண்ணிருவ."

"எப்பம் சார்?"

"பண்ணிருவ" என்றார் அவர் மறுபடியும். தேதி குறிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் அந்த ஒன்றுக்கு மட்டும் தேதி சொல்லவில்லை.

சாயந்தரம் சிவசைலம் அண்ணாச்சி போன் பண்ணினார். டவுணில் மூன்று பாத்திரக் கடை வைத்திருப்பவர், வியாபாரிகள் சங்கத்தில் பெரிய ஆள், மறுநாள் விழாவுக்குத் தலைவர். அழைப்பிதழை அப்போதுதான் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"என்ன வே, வெள்ளிக்கிழமை பதினொண்ணுன்னு போட்டிருக்கீரு? பத்தரைக்கு மேல ராகு காலம்லா."

காந்திமதிநாதன் 'ஐயோ' என்று நிமிர்ந்தார். சுவரில் தினசரி காலண்டர் அவருடைய தலைக்கு மேலேயே தொங்கியது.

"பதறாதிய" என்றார் அண்ணாச்சி. "பிரயாணம் போறவன் என்ன செய்யுதான்? நல்ல நேரத்துல பெட்டியை மட்டும் கொண்டுபோய் அடுத்த வீட்டுல வச்சிருதான். கெளம்பும்போது எடுத்துக்கிட்டுப் போறான். அதுமாதிரி நீரு பத்தரைக்கு முன்னால சுவிட்சைப் போட்டு வச்சிரும். தொடங்கினது தொடங்கினதுதான். நாங்க பைய வந்து பாத்துக்கிடுதோம்."

இந்த யோசனை ஃபெபியிடம் வந்து சேர்ந்தபோது அவள் விரல்விட்டு எண்ணினாள்.

"பத்தே காலுக்குப் போட்டா பதினொண்ணே காலுக்கு நின்னுரும் சார்."

"பதினொண்ணுக்கு ஆரம்பிச்சா பதினொண்ணு அஞ்சுக்குக் காட்டிரலாம். காட்டுறதுக்கே அஞ்சு நிமிஷம்தானே."

"அவங்க வந்ததும் ஒருக்க அணைச்சுப் போட்டுருதேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ஏத்துன விளக்கை அணைச்சு ஏத்துவாங்களாம்மா?"

"இது விளக்கு இல்ல சார். போர்டு."

"அது எனக்குத் தெரியும்" என்றார் நிறுவனர்.

வெள்ளிக்கிழமை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் குத்துவிளக்கும் போர்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்பட்டன. போர்டின் ஓரத்தில் சந்தனம், குங்குமம். நினைவகச் சிப்பின் மேலும் வைக்கப் போன காந்திமதிநாதனின் கையை ஃபெபி பிடித்துவிட்டாள். பெரிய திரையில் பச்சை நிறத்தில் 380, 384, 381 என்று எண்கள் ஓடத் தொடங்கின. கீழே ஒரு கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஃபெபி தன் செல்போனை மேசைமேல் மணி தெரியும்படி வைத்தாள்.

சிவசங்கரன் பத்து நாற்பதுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் என்றும், வந்ததோடு வந்ததாக அத்தையைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்றும் சொன்னார். திரையைப் பார்த்து எழுந்து போர்டின் பக்கம் போனவரைக் காந்திமதிநாதன் தோளைப் பிடித்து நாற்காலிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தலைவர் வந்துரட்டும் சார். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"அதுவரைக்கும் நான் போர்டைப் பாத்துக்கிட்டிருக்கேனே."

"காப்பி குடிங்க."

அவர் காப்பி குடித்தார். பல் ஆஸ்பத்திரி நர்சுகள் இருவர், நிறுவனத்தின் மற்ற நால்வர், காந்திமதிநாதனின் சொந்தக்காரர்கள் பத்துப் பேர், உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவர் என்று கூடம் நிறைந்தது. பத்து ஐம்பத்தெட்டுக்குச் சிவசைலம் அண்ணாச்சி வந்தார். இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட அதிர்ச்சியில் யாரும் வாசலில் நிற்கவில்லை. அவர் திரும்பவும் கீழே இறங்கிப்போய், எல்லோரும் வந்து நின்ற பிறகு மறுபடி ஏறினார். அதில் நாலு நிமிடம்.

கடவுள் வாழ்த்து. பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை. நிருபர் முதல் பொன்னாடையை இன்னொரு தடவை போர்த்தச் சொல்லிப் படம் எடுத்தார். பதினொன்று ஆறு.

காந்திமதிநாதன் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லித் தாழியிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் காலத்துத் தாழிக்கும் இந்தக் காலத்து நினைவகத்துக்கும் உள்ள ஒற்றுமையை விளக்கினார். இரண்டிலும் வைப்பதைப் பத்திரமாக வைக்கிறோம், வேண்டும்போது எடுக்கிறோம் என்றார். தாழியில் வைத்தது இறந்தவர்களை என்பதும், அவர்களை யாரும் வேண்டும்போது எடுக்கவில்லை என்பதும் கூட்டத்தில் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். செயற்கைக்கோள் என்றார். தரவு மையம் என்றார். நொடிக்கு நானூறு என்று சொல்லும்போது கையைத் திரைப்பக்கம் நீட்டினார். ஃபெபி ஓரத்தில் நின்று செல்போனைத் தூக்கிக் காட்டினாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு நிமிடம் பேசினார்.

அண்ணாச்சி பதினொன்று பத்துக்கு எழுந்தார்.

"எனக்கு இந்த சிப்பு கிப்பெல்லாம் தெரியாது" என்று தொடங்கினார். "எனக்குத் தெரிஞ்சது பாத்திரம். நாப்பது வருஷமா விக்கேன். கடைக்கு வாரவ மொத என்ன கேப்பா தெரியுமா? வெல கேக்க மாட்டா. கனமான்னு கேக்க மாட்டா. எதுக்குன்னு நாமதான் கேக்கணும். புளிக்கொழம்புக்கா, பால் காய்ச்சவா, சீர் வைக்கவா. அதைக் கேக்காம பெரிய அண்டாவைத் தூக்கிக் காட்டுனா அவ அடுத்த கடைக்குப் போயிருவா."

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி ஈயம் பூசுவதைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது மணி பதினொன்று பன்னிரண்டு. அவருக்குப் பின்னால் திரையில் பச்சை எண் பூஜ்யம் ஆயிற்று. நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு செங்குத்தாக விழுந்தது. பிறகு திரை முழுவதும் சிவப்பாகி, நடுவில் ஆங்கிலத்தில் நாலு வரிகள் வந்தன.

நர்சுகளில் ஒருத்தி கை தட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். நிருபர் படம் எடுத்தார்.

அண்ணாச்சி தனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"செவப்புல என்னமோ வந்திருக்கே. நல்லதா வே?"

"நல்லதுதான் அண்ணாச்சி" என்றார் காந்திமதிநாதன்.

சிவசங்கரன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து வந்து நாலு வரியையும் வாசித்தார். மதிப்பீட்டு நேரம் முடிந்துவிட்டது, முழு உரிமம் பெற எங்கள் விற்பனைப் பிரிவை அணுகவும் என்று இருந்தது. கம்பெனியின் பெயரும் முகவரியும் இருந்தன. முகவரியில் தாமிரபரணி இல்லை.

"சின்ன டெக்னிக்கல் பிரச்சினை சார்" என்றார் காந்திமதிநாதன்.

"இது டெக்னிக்கல் மாதிரி தெரியலியே. இன்னொருத்தர் விலாசம் மாதிரில்லா இருக்கு."

"அதாவது, ஒப்பீட்டுக்காக..."

"எதை எதோட ஒப்பிட்டிய?"

காந்திமதிநாதன் பெங்களூரில் இருந்தபோது இப்படிப்பட்ட கட்டத்தில் இன்னொரு கூட்டத்துக்குத் தேதி குறித்துவிடுவார். இங்கே அவருடைய மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அது எங்களோடது இல்ல சார்" என்றாள் ஃபெபி. "எங்களோடது வேற இருக்கு. நான்தான் எழுதினேன். வேகம் இதுல பாதிதான் வரும்."

"போடுங்கம்மா. பாப்போம்."

"இப்பவா?" என்றார் காந்திமதிநாதன். குரல் இறங்கியிருந்தது. "பன்னெண்டு மணி ஆயிரட்டுமே. ராகு காலத்துல புதுசா ஒண்ணைத் தொடங்குறது..."

"எனக்கு ஒண்ணரைக்கு அம்பாசமுத்திரம் பஸ்" என்றார் சிவசங்கரன்.

கூட்டம் சிவசைலம் அண்ணாச்சியைப் பார்த்தது. அவர் போர்டைப் பார்த்தார்.

"போர்டு அதேதானே?"

"அதேதான் அண்ணாச்சி."

"அப்பம் தொடங்கினது தொடங்கினதுதான். போடச் சொல்லும்."

ஃபெபி இரண்டு நிமிடத்தில் போட்டாள். 191, 190, 191. யாரும் கை தட்டவில்லை. காந்திமதிநாதன் அந்த எண்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் யார் யாருக்கு எந்த வரிசையில் போன் பண்ணுவது என்று அப்போதே மனத்துக்குள் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

சிவசங்கரன் எண்களைப் பார்க்கவே இல்லை. குனிந்து போர்டின் ஒயரைத் தேடிப் பிடித்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினார். திரையில் எண்கள் நின்றன.

கூடத்தில் ஒருவர் "அய்யய்யோ" என்றார்.

"என்ன சார் இது?" என்றார் காந்திமதிநாதன்.

"இருங்க." அவர் பிளக்கைச் செருகினார். "ஏம்மா, கடைசியா எழுதினது இருக்கான்னு பாரு."

ஃபெபி பார்த்தாள். இருந்தது. அவர் மறுபடி பிடுங்கினார். மறுபடி செருகினார். பாதியில் பிடுங்கினார், தொடங்கிய உடனே பிடுங்கினார், பிடுங்கிச் செருகிப் பிடுங்கினார். ஏழு தடவை. கடைசியாக எழுதி முடித்த வரி ஒவ்வொரு தடவையும் சேதமில்லாமல் இருந்தது. எட்டாவது தடவைக்கு அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"எங்க படிச்சீங்க இதை? கரெண்டு போனாலும் தாங்குற மாதிரி எழுதியிருக்கீங்களே."

"படிக்கல சார். யூபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாத்தித் தாங்கன்னு ரெண்டு வருஷமா சார்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். இங்க கரெண்டு போகும்போதெல்லாம் போர்டுல எழுதிப் பாத்தது அழிஞ்சு போகும். அப்புறம் பிளாக்கையே அழியாத மாதிரி எழுதிட்டேன்."

சிவசங்கரன் தலையாட்டினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் இதை எடுத்துக்கிடுதேன் சார். முதல்ல ஒரு வருஷத்துக்கு."

காந்திமதிநாதன் ஜன்னலிலிருந்து திரும்பினார். "எதை?"

"இந்தப் பொண்ணு எழுதினதை. ஆனா ஒண்ணு. சொந்தமா எழுதினதுதான்னு ஒரு உறுதிமொழி இருக்கு. அதுல இவங்க கையெழுத்துப் போடட்டும். நீங்க போட வேண்டாம். தப்பா நெனைக்காதிய."

"ஆனா வேகம் சார், நூத்தித் தொண்ணூறுதான்..."

"எனக்கு எதுக்கு வேகம்? நாங்க செய்யுறது பால் சொசைட்டிக்கு மெஷின். பால்ல கொழுப்பு எவ்வளவுன்னு பாத்து, மாட்டுக்காரர் பேருக்கு நேர ஒரு வரி எழுதணும். மாடு நொடிக்கு இருநூறு வருமா? காலைல அஞ்சு மணிக்கு கிராமத்துல கரெண்டு போகும் வரும். எழுதின வரி அழிஞ்சா சண்டை. அது அழியாம இருந்தாப் போதும்."

"பாத்தீரா" என்றார் சிவசைலம் அண்ணாச்சி, காந்திமதிநாதனின் மாமனாரிடம். "பால் காய்ச்ச."

"இதை நீங்க முன்னாலயே சொல்லியிருந்தா, நாங்க அதுக்குத் தகுந்த மாதிரி..." என்று இழுத்தார் காந்திமதிநாதன். உரிமம் விற்றுவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது. குரலில் பழைய கம்பீரம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"சொல்லியிருந்தேனே. மெயில்ல எல்லாம் எழுதியிருந்தேன்."

"அப்படி ஒண்ணும் வரலியே."

ஃபெபி போர்டின் பக்கத்திலிருந்த கணினியிலேயே நிறுவனத்தின் அஞ்சலைத் திறந்தாள். அது பெரிய திரையோடு இணைந்திருந்தது என்பதை அவளும் மறந்துவிட்டிருந்தாள். நிருபர் உள்பட எல்லோரும் வாசித்தார்கள். இரண்டாவது பத்தியில் பால் இருந்தது. மூன்றாவது பத்தியில், வேகம் எங்களுக்கு முக்கியமில்லை என்று இருந்தது. நாலாவது பத்தி முழுவதும் மின்வெட்டு.

அதற்குக் கீழே காந்திமதிநாதன் அனுப்பிய பதில் இருந்தது. மெயில் வந்து ஒரு நிமிடத்தில் அது போயிருந்தது. 'தங்கள் கடிதத்தை முழுவதும் கவனமாகப் படித்தோம்' என்று தொடங்கியிருந்தார்.